ஹியூமனினுக்கு ஒரு ஐஸ் பெட்டி

பயம் வந்தால் எனக்கு எழுத்து தெரியாது. முனைவர் பட்டம் வாங்கியவள் சொல்லக்கூடிய பேச்சில்லை, ஆனாலும் உண்மை.

அப்போது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்றரை மாதமாகக் காத்திருந்த பார்சல் வந்தது. சுண்டுவிரல் நுனி அளவு குப்பியில் ஹியூமனின். நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு. அதிலிருந்து உண்டாகும் குட்டிப் புரதம் இது. செல் சாகாமல் காக்கும். (என்னைக் காக்க ஒன்றும் இல்லை.)

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வந்துர்றேன். பத்திரமா வைம்மா."

அவர் போனபிறகுதான் பார்த்தேன், ஆய்வகத்து ஃப்ரீசர் ஓடவில்லை. போன் செய்யப் பயம். குப்பியோடு வந்த தாளின் முதல் வரி, மைனஸ் இருபது டிகிரியில் வைக்கச் சொன்னது. அதற்குமேல் கண் இருட்டிவிட்டது. உள்ளே தூள் இருக்கிறதா என்று திறந்து பார்த்து, அவசரத்தில் அரைகுறையாக மூடினேன்.

ஜெகதாப்பட்டினத்தில் என் தாய்மாமா மீன் வியாபாரி. பஸ் ஏறினேன். குப்பியைக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துப் பிடித்தபடி, தெரிந்த குர்ஆன் சூராக்களையெல்லாம் ஓதினேன்.

"ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார் கண்டக்டர்.

"எனக்கில்லண்ணே."

விஷயத்தைக் கேட்ட மாமா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உசுரக் காப்பாத்துற சாமான்னு சொல்ற. அத எதுக்கு நீ காப்பாத்திக்கிட்டு அலையுற?" என்றபடி, இறால் பெட்டியில் உடைத்த ஐஸையும் உப்பையும் போட்டு உள்ளே புதைத்தார். "மைனஸெல்லாம் தெரியாது புள்ள. எறா கெடாது."

இரண்டு நாளும் உருக உருக ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் குப்பியை ஆட்டினார். உள்ளே புகுந்திருந்த ஐஸ் தண்ணீர் ஆடியது. முகர்ந்தார். "இது என்ன வாசம்?"

"எறா, சார்."

முழுக் கதையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. தாளை என் பக்கம் திருப்பி, இரண்டாம் வரியில் விரலை வைத்தார். "தூளா இருக்கறவரைக்கும் ரெண்டு வாரம் வெளியில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு போட்ருக்கு. இந்த மேசை டிராயர்ல போட்டிருக்கலாமேம்மா."

அடுத்த குப்பி வர மூன்று மாதம். ஆராய்ச்சி முடிய அதற்கேற்ப இழுத்தது.

ஒருவழியாகப் பட்டம் வாங்கியபோது மாமா துறைமுகம் முழுக்க மிட்டாய் கொடுத்து, "நம்ம புள்ள எறா டாக்டர் ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெயர் என் கல்யாணத்துக்கு முன்பே புகுந்த வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போதும் விருந்தாளி யாராவது, "டாக்டராமே, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை சொல்லும்மா" என்றால், என் கணவர் முந்திக்கொள்கிறார்.

"அவகிட்டயா கேக்குறீங்க? உப்புப் போட்டு ஐஸ்ல வச்சுருவா."