ஒன்பதாவது உபயம்

"புளூட்டோவை அழிங்க" என்று தலைமையாசிரியை உமாதேவி சொன்னபோது, பெயிண்டர் பொன்னுராஜ் அதன் அடியில் 'உபயம்: பா. வேல்பாண்டி' என்று எழுதி முடித்துவிட்டு பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அறிவியல் ஆசிரியர் கார்த்திக்ராஜ் பெயிண்டருக்கும் புளூட்டோவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். பள்ளிச் சுற்றுச்சுவரில் சூரியக் குடும்பத்தை வரையும் யோசனை அவருடையது. கிரகத்துக்கு ஓர் உபயதாரர் என்று ஆள் பிடித்ததும் அவர்தான். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி பெயர் எழுதுகிற நாட்டில் ஒரு முழுக் கிரகம் கிடைக்கிறதென்றால் விடுவார்களா? ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். கிரகங்களோ எட்டு. ஆளைக் குறைப்பதைவிடக் கிரகத்தைக் கூட்டுவது சுலபம் என்று, 2006-இல் உலக வானியலாளர்கள் வெளியேற்றிய புளூட்டோவைக் கார்த்திக்ராஜ் கம்பம் பள்ளத்தாக்கில் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை தேனியிலருந்து அதிகாரி வர்றாக. பிசிக்ஸ் படிச்சவுக. ஒன்பதுன்னு பாத்தாகன்னா மொதக் கேள்வியே உங்களைத்தான் சார் கேப்பாக" என்றார் உமாதேவி.

"மேடம், வேல்பாண்டி அண்ணன் போர்லருந்துதான் நமக்குத் தண்ணி. அவுக வால்வைத் திருகிட்டா முந்நூறு பிள்ளைகளுக்குச் சத்துணவும் இல்ல, கக்கூஸும் இல்ல."

"அப்பப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. நீங்கதான சயின்ஸு?"

பக்குவமாக எடுத்துச் சொல்லக் கார்த்திக்ராஜ் கிளம்பினார்.

வேல்பாண்டி பால் சொசைட்டித் தலைவர். சொசைட்டி வாசலில் நாற்காலி போட்டு, ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிரகம்னா மூணு விதி இருக்கு. சூரியனைச் சுத்தணும். உருண்டையா இருக்கணும்..."

"நம்ம புளூட்டோ சுத்தலையா?"

அந்த 'நம்ம' கார்த்திக்ராஜுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

"சுத்துதுண்ணே. உருண்டையாவும் இருக்கு. மூணாவதுலதான் அடிபட்டுப்போச்சு. தான் போற பாதையில வேற எதுவும் கெடக்காம ஒதுக்கிச் சுத்தமா வச்சிருக்கணும். புளூட்டோ பாதையச் சரியா வச்சுக்கல."

வேல்பாண்டியின் முகம் கறுத்தது. ஊர்ப் பொதுப்பாதையில் அவர் வேலி போட்டதற்குத் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"பாதையப் பத்திப் பேச யாருய்யா ஒம்ம அனுப்புனது?"

"ஐயோ அண்ணே, இது வானத்துல இருக்கிற பாதை!"

"வானத்துலயும் என் பாதையத்தான் நோண்டுறானுகளா? யாரு எடுத்த முடிவு இது?"

"பிராக்னு ஒரு ஊர்ல கூட்டம் போட்டு ஓட்டெடுத்தாகண்ணே."

"எம்புட்டுப் பேரு ஓட்டுப் போட்டாக?"

கார்த்திக்ராஜ் நேர்மையான ஆசிரியர். அவருடைய தொல்லைகளில் பாதி அதனால் வந்தவை. "அது கடைசி நாளுண்ணே. வந்தவுகள்ல முக்காவாசிப் பேரு கெளம்பிட்டாக. ஒரு நானூத்திச் சொச்சம் பேருதான் மிச்சம்."

வேல்பாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பக் கோரமே இல்ல! பால் சொசைட்டில நான் இப்படி ஆளு பத்தாம தீர்மானம் போட்டா என்னைய உள்ள தூக்கி வச்சிருவாக. செல்லாது வாத்தியாரே. புளூட்டோ இருக்கும். இல்லேன்னா தண்ணி இருக்காது."

வெளிநாட்டு விஞ்ஞானிகளே சிலர் இன்றுவரை எழுப்புகிற ஆட்சேபம்தான் இது. அவர்களுக்கே இன்னும் ஒழுங்கான பதில் கிடைக்காதபோது கார்த்திக்ராஜ் மட்டும் என்ன செய்வார்? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இரவெல்லாம் யோசித்ததில் ஒரு வழி பிறந்தது. புளூட்டோவை விஞ்ஞானிகள் ஒரேயடியாகத் துரத்திவிடவில்லையே, 'குறுங்கோள்' என்று ஒரு பட்டம் கொடுத்துத்தானே ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள்! படம் இருக்கும், பெயர் இருக்கும், பக்கத்தில் சின்னதாக ஒரு வார்த்தை மட்டும் கூடும். அதிகாரிக்கும் சரி, அண்ணனுக்கும் சரி. புதன்கிழமை காலை பொன்னுராஜிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக வகுப்புக்குப் போனார்.

பொன்னுராஜுக்கோ குறுங்கோள் என்றால் ஊருக்குப் புரியாதே என்று கவலை. அவர் ஜனங்களுக்காக எழுதுகிற கலைஞர். மதியம் சுவரில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'குள்ளக் கோள். உபயம்: பா. வேல்பாண்டி.'

வேல்பாண்டி ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. போதாததற்கு, பழைய சொசைட்டித் தலைவரைப் பற்றி மேலிடத்தில் போட்டுக்கொடுத்துத்தான் அவர் பதவிக்கு வந்தார் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு.

மூன்று மணிக்கு போன் வந்தது.

"யோவ் வாத்தியாரே! நான் குள்ளன்தான், ஒத்துக்கிறேன். எவங்கிட்டய்யா போயிக் கோள் சொன்னேன்?"

"அண்ணே, கோள்னா கிரகம்ணே! பாடப்புத்தகத்துலயே..."

"பாடப்புத்தகத்துலயும் போட்டுட்டீகளா?"

வால்வு வெள்ளிக்கிழமை காலை மூடப்படும் என்று அறிவித்துவிட்டு அவர் போனை வைத்தார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியை அறையில் அவசரக் கூட்டம். உமாதேவி, கார்த்திக்ராஜ், சம்பவத்துக்குக் காரணமான பொன்னுராஜ்.

"அவருக்குப் பெரிய கிரகமாப் பாத்துக் குடுத்துருவோம். இருக்கிறதுலயே பெருசு எது?" என்றார் உமாதேவி.

"வியாழன் மேடம். ஆனா அது பக்கீர் முகம்மது பாய் உபயம்."

பள்ளியை ஒட்டிய திராட்சைத் தோட்டம் பக்கீர் முகம்மதுவுடையது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். முதல் ஆளாக வந்து, எந்தக் கிரகமானாலும் சரி என்று சொன்னவரும் அவர்தான்.

"பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றார் உமாதேவி.

சத்தம் போடாதவரிடமிருந்து பிடுங்கிச் சத்தம் போடுகிறவருக்குக் கொடுப்பதில் உள்ள நிர்வாக வசதி கார்த்திக்ராஜுக்கு உடனே விளங்கியது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஆனால் முந்நூறு பிள்ளைகளின் தண்ணீர் ஆயிற்றே! மூன்று பேரும் கை தூக்கினார்கள். கோரம் இருந்தது.

மாலைக்குள் புளூட்டோ சுண்ணாம்புக்குள் மறைந்தது. பக்கீர் முகம்மதுவின் பெயரும் கூடவே மறைந்தது. வியாழனுக்குக் கீழே வேல்பாண்டியின் பெயர் முழம் உயரத்துக்கு ஏறியது. பாய்க்கு அடுத்த வருஷம் ஏதாவது ஒரு நட்சத்திரம் பார்த்துக் கொடுத்தால் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, சத்துணவு சமைக்கும் முருகம்மாள் கார்த்திக்ராஜை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பாய் வெள்ளன வந்தாக சார். சுவத்த நின்னு பாத்தாக. சிரிச்சுக்கிட்டே தோட்டத்துக்குள்ள போயிட்டாக."

"பாத்தீங்களா மேடம், பெருந்தன்மை!" என்று உமாதேவியிடம் உருகினார் கார்த்திக்ராஜ்.

வேல்பாண்டி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து வியாழனுக்கு முன்னால் நின்று எட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். வால்வைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். சுவர் நெடுக எண்ணினார். "எட்டு. சரியா இருக்கு. நெறைய ஸ்கூல்ல இன்னும் புளூட்டோவை விட மாட்டேங்கிறாங்க. இங்கதான் யாரோ அறிவியல் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார்.

கார்த்திக்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தேவிட்டது.

"சாப்பாட்டையும் பாத்துடலாம். கை கழுவ எங்க?" என்று அதிகாரி குழாயடிக்குப் போனார்.

குழாய் ஒருமுறை இருமியது. பிறகு புஸ்ஸென்று காற்று வந்தது. அடுத்த குழாயிலும் காற்று. அதற்கடுத்ததிலும் அதே. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள்.

கார்த்திக்ராஜ் ஒரே ஓட்டமாக வேல்பாண்டியிடம் ஓடினார். "அண்ணே, என்னண்ணே இது? வியாழனையே குடுத்தாச்சு! இன்னும் எதுக்கு வால்வை மூடுனீக?"

திடீரென்று சனிக் கிரகத்தின் வளையத்தில் வேல்பாண்டிக்கு அபார ஈடுபாடு வந்துவிட்டது.

காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முருகம்மாள் கார்த்திக்ராஜின் காதருகே வந்தாள்.

"அவுகளை எதுக்கு சார் கேக்குறீக? அவுக போரு வத்தி ஒரு வருசமாச்சு. வெளிய சொல்லாத ஆத்தான்னு எங்கிட்டச் சொல்லிட்டு இம்புட்டு நாளா தோட்டத்துக் கெணத்துலருந்து நமக்குத் தண்ணி விட்டது பக்கீர் பாய்ல்ல!"