என் வேட்டியில் நடந்த வேதியியல் பாடம்

தனியாகக் குடியிருப்பவனுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் இன்னோர் ஆள் வேண்டும். இந்த உண்மையைத் திருவனந்தபுரத்தில், ஓர் ஓணக் கொண்டாட்டத்தன்று, ஒரு பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருக்க நான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இயற்பியலும் வேதியியலும் நடத்த வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கரமனையில் ஒரு மாடி அறை. அதில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, முகம் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு சவரக் கண்ணாடி. ஆசிரியர் அறையில் எல்லோரும் மலையாளத்தில் பேசிச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடித்தபின் நானும் சிரிப்பேன். (எதற்கென்று தெரியாமல் சிரிப்பதற்குத் தனித் தெம்பு வேண்டும்.) "சாப்பிட்டாச்சா?" என்று அந்த நான்கு மாதத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

வகுப்பிலும் அப்படித்தான். அமிலம், காரம், நிறங்காட்டி என்று தொண்டை வறளக் கத்துவேன். பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று செய்துகாட்டினேன். ஒருவர் முகத்திலும் ஒரு நிறமாற்றமும் இல்லை. அப்படியும் விடாமல், விடுமுறையில் வீட்டில் செய்துபார்க்கட்டும் என்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க நாற்பது மஞ்சள் காகிதம் தயாரித்து, என் ஒரே நாற்காலியில் பரப்பி உலர வைத்தேன்.

மறுநாள்தான் ஓணக் கொண்டாட்டம். ஆண்கள் எல்லோரும் வேட்டியில் வரவேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. அன்றைக்கு ஒருநாள் நானும் அவர்களில் ஒருவனாகிவிட வேண்டும், யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சாலை என்ற கடைத்தெருவில் சரிகைக் கரை வேட்டி ஒன்று வாங்கினேன். காலையில் முக்கால் மணி நேரம் போராடி, மேலே பெல்ட்டும் போட்டுக் கட்டி முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஈரம் உறைத்தது, மழைக்காலத்தில் காகிதங்கள் இன்னும் உலர்ந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் விரலில் மஞ்சள். வேட்டியை அவிழ்த்துத் துவைக்கலாம்தான், அவிழ்த்தால் மறுபடி கட்ட முக்கால் மணி நேரம் ஆகும். எனவே குழாயடியில் நின்றபடியே பின்னால் கையைவிட்டு, துணி சோப்பை அழுத்தித் தேய்த்து, ஈரக்கையால் துடைத்தேன். உள்ளங்கை சிவந்துபோனது. அழுத்தித் தேய்த்ததால் சிவந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவன்.

பேருந்தில் ஏறியதும் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். எனக்கா? வேண்டாம் என்றேன். நடத்துனர் வந்து என் தோளைத் தொட்டு, "சூட்சிச்சு நின்னோளூ" என்றார். பத்திரமாக நில்லுங்கள் என்று இத்தனை நாளில் ஒரு நடத்துனரும் என்னிடம் சொன்னதில்லை. வேட்டி கட்டினால் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்தேன்.

பள்ளியிலும் அதே கதை. கயிறு இழுக்கும் போட்டிக்கு நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தபோது உடற்பயிற்சி ஆசிரியர் பதறிவிட்டார்.

"சார் வலிக்கேண்டா. அவிடெ இருந்நா மதி."

இழுக்க வேண்டாம், அங்கே உட்கார்ந்தால் போதும் என்கிறார் என்று புரிந்துகொண்டு, நான் பெஞ்சைப் பார்த்து நடந்தேன்.

"அல்ல, இருக்கேண்டா. நின்னா மதி."

உட்காரவும் வேண்டாமாம், நின்றாலே போதுமாம். என்னவொரு அக்கறை. அப்போது கணக்கு நடத்தும் ரமணி டீச்சர் வந்து என்னை நூலகத்துக்கு அழைத்துப் போனார். நடுவயது, கண்டிப்பானவர். மலையாளப் பிரிவில் நடத்துபவர் என்பதால் குட் மார்னிங்குக்கு மேல் நாங்கள் பேசியதில்லை. அவர் வாயைத் திறந்ததும் அக்ரஹாரத் தமிழ் வந்தது. இந்த ஊர்க்காரர், வீட்டில் தமிழ்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"எதுக்கு சார் மறைச்சு வெச்சேள்? பாத்தாலே தெரியறதே. இது எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷி, பார்த்த உடனே என் தனிமையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசமா டீச்சர். இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து."

"தண்ணி மாறினா வரும். ஆத்துல சொன்னேளா?"

"அம்மாகிட்ட சொன்னா வருத்தப்படுவாங்க. பள்ளிக்கூடத்துல எப்படியோ தாங்கிக்கிடுதேன். சாயங்காலம் ரூமுக்குப் போய் உக்காந்தாத்தான் தாங்க முடியல."

"உக்காந்தா அப்படித்தான் இருக்கும். எங்க அப்பாக்கும் இருந்தது."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"சேனைக்கிழங்கு நெறைய சாப்பிட்டார். ஒரே மாசத்துல சரியாப் போச்சு."

தனிமைக்குச் சேனைக்கிழங்கு என்பது எனக்குப் புதுத் தகவல். ஆனால் கேரளம் வைத்தியத்துக்குப் பேர்போன இடம் அல்லவா, நம்பினேன். பேச ஆளில்லாமல் சில நாள் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்துவதையும் அவரிடம் சொன்னேன். அது மட்டும் அவருக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது போலத் தெரிந்தது. வலி அதிகமானால் பிதற்றல் வரும் என்று எடுத்துக்கொண்டாராம், பிறகு சொன்னார்.

சாப்பாட்டுப் பந்தியில் தலைமையாசிரியை தன் நாற்காலி மெத்தையை எடுத்துவந்து என் பெஞ்சில் போட்டார். ரமணி டீச்சர் என் இலையில் மட்டும் சேனைக்கிழங்கு எரிசேரிக் கூட்டை மூன்று முறை பரிமாறச் செய்தார். என் வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர், இருவரும் என்னைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வைத்தார்கள். என் வாழ்வின் மிகச் சிறந்த பகல் அதுதான் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டு, கை கழுவ எழுந்து நடந்தேன்.

பரிமாறிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என் பின்னால் கூட்டமாக வந்தார்கள். முன்னால் நின்றவள் செல்வி. சாலைக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் சமையல் செய்பவரின் மகள். என் வகுப்பில் அதுவரை வாய் திறக்காதவள்.

"சார், முண்டுல சோப்பு போட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அதுக்கு முன்னாடி மஞ்சள் பட்டதா?"

"பட்டுது."

செல்வி திரும்பி, பந்தி முழுக்கக் கேட்கும்படி மலையாளத்தில் அறிவித்தாள். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள். "ரத்தம் இல்ல சார். மஞ்சள்ல சோப்பு பட்டா சிவக்கும்னு சார்தானே பறஞ்சது. டீச்சர்மார் எல்லாம் சாருக்கு மூலம்னு நெனச்சுட்டாங்க."

அப்போதுதான் நான் வேட்டியை முன்னால் இழுத்துப் பார்த்தேன். அதில் இருந்த சிவப்பைப் பார்த்திருந்தால் நானே ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பேன். காலையிலிருந்து நடந்த எல்லாம், பேருந்துப் பெரியவர், கயிறு, மெத்தை, மூன்று முறை எரிசேரி, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கத்தைவிட முதலில் வந்தது துக்கம். அத்தனை அன்பும் என் மூலத்துக்குத்தான், எனக்கில்லை. நோய் இல்லையென்று தெரிந்துவிட்டது, இனி யார் வந்து பக்கத்தில் உட்காரப் போகிறார்கள்?

செல்வி ஓர் எலுமிச்சை மூடியை நீட்டினாள். நான் பின்னால் கையைவிட்டுப் பிழிந்தேன். மூன்று முறையும் குறி தவறியது. உடற்பயிற்சி ஆசிரியர் பொறுமையிழந்து வாங்கிப் பிழிந்தார். சிவப்பு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், மஞ்சளானது. எட்டாம் வகுப்பு கைதட்டியது. பள்ளிக்கூடமே ரத்தத்தைப் பார்த்த இடத்தில் காரத்தைப் பார்த்தவர்கள் என் பிள்ளைகள்தான். பாடம் காதில் விழவில்லை என்று நான் நினைத்த அந்த நாற்பது பேர். அந்தக் கோலத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கூட்டம் சிரித்துக் கலைந்தபோது ரமணி டீச்சர் மட்டும் சிரிக்காமல் நின்றார். எதையோ திரும்பக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர் போல இருந்தது.

"அப்போ காலம்பற நீங்க சொன்னது? சாயங்காலம் தாங்க முடியலைன்னு?"

நான் வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழமை ஆத்துக்கு வாங்கோ சார். சேனை கெடையாது."

போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது இந்தக் கதையை என் மனைவியிடம் முதலில் சொன்னவர் ரமணி டீச்சர்தான். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நான் வெளியே கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு சுற்றுத் திரும்பிக் காட்ட வேண்டும். மகள் பிறந்து வளர்ந்ததும், "அமிலமா, காரமா?" என்று அவள் கேட்பாள். மனைவி பரிசோதித்து, "நடுநிலை, போகலாம்" என்பாள்.

இப்போது மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மனைவிக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல், சனிக்கிழமைதான் வருவாள். மற்ற நாட்களில் பழையபடி நான் மட்டும். காலை எட்டேகாலுக்கு மகள் வீடியோவில் கூப்பிடுவாள். போனைக் காப்பிப் பொடி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு நான் திரும்பி நிற்பேன். "நடுநிலைப்பா, கிளம்புங்க" என்று குரல் வரும்.

சில நாள் அவளுக்கு அவசர வேலை இருக்கும், அழைப்பு வராது. அன்றும் கதவைப் பூட்டுமுன் காலி வீட்டைப் பார்த்து ஒருமுறை திரும்பி நிற்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நடுநிலை" என்று நானே சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறேன்.