அந்தப் புள்ள எறங்குச்சா?

குதிரை இல்லாத கவ்பாய் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். கம்பூட்ஸ் போட்ட கவ்பாய் ஒருவர்தான். அவரும் எங்கள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் கடை வைத்திருந்தார். இதில் எங்களுக்குப் பெருமை எதுவும் கிடையாது.

குடை, ரப்பர் கம்பூட்ஸ், கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, இவைதான் வியாபாரம். ஊர் அவரைக் கவ்பாய் நானா என்றது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். தொழுகைத் தொப்பிக்கு மேலே, நுவரெலியாவில் வாங்கிய கவ்பாய் தொப்பி. பாங்கு சொன்னதும் மேல்தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுத் தொழப் பள்ளிவாசலுக்குக் கிளம்புவார். கீழ்த்தொப்பி தயாராக இருக்கும். வாழ்க்கையில் அவர் ஒழுங்காகத் திட்டமிட்டது அது ஒன்றைத்தான்.

கையில் கிட்டார். கூடவே, அவருடைய வாப்பா பக்கீர் பாவாமார்களோடு ஊர் ஊராகப் போய் பைத் என்ற பக்திப் பாட்டுகள் பாடித் தட்டிய றபான் மேளம். இரண்டையும் கலந்து 'கண்ட்ரி மியூசிக்' என்றார்.

"கண்டாக்கு மியூசிக்கா? எங்க தோட்டத்துக் கண்டாக்கய்யா காலைல வேல பிரிக்கிற பெரட்டுல நின்னு ஏசத்தானே செய்வாரு, எப்பங்க பாடுனாரு?" என்று கேட்டார் டிக்கோயா தோட்டத்து ராசம்மா அக்கா.

"கண்டாக்கு இல்ல ராசம்மா, கண்ட்ரி! நாங்க ஈக்கிறது மலநாடு. அதுனால இது அப்கண்ட்ரி!"

றபான் தட்ட ஆள் கிடைக்காமல், பக்கத்தில் கடை வைத்து ஊரார் போனுக்குக் காசு ரீலோட் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார். எனக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். அவருக்கும் சுருதிக்கும் எட்டாம் பொருத்தம். பஸ் ஸ்டாண்டு நாய்கள் ஒரே வாரத்தில் இடம் மாறிவிட்டன.

அவர் பாட்டில் கவ்பாய்கள் விஸ்கி தொடமாட்டார்கள். ஹராம். பாலில்லாத பிளேன்டீ குடித்துவிட்டு மேசையைக் குத்துவார்கள். துப்பாக்கிச் சண்டைக்கு முன்னால் சலாம் சொல்லிக்கொள்வார்கள். பதில் சலாமும் வந்த பிறகு எவனுக்குச் சுட மனம் வரும்? அதனால் அவர் பாட்டுகளில் ஒருவரும் செத்ததில்லை. கேட்டவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மகுடம் ஒரு ரயில் பாட்டு. காதலி கோபித்துக்கொண்டு ஹட்டனில் ரயில் ஏறுகிறாள். காதலன் குதிரையில் துரத்துகிறான். எங்கள் ரயிலை நடந்தே பிடிக்கலாமே என்பதெல்லாம் நானாவுக்குத் தோன்றாது. முந்திப்போய்த் தலவாக்கலை ஸ்டேஷனில் இரண்டு கையிலும் பிளேன்டீயோடு நிற்கிறான். அவள் இறங்குவாளா?

அது ஊரில் யாருக்கும் தெரியாது. கடைச் சந்தடி அடங்கிய அந்தியில்தான் கிட்டாரைத் தொடுவார். பாட்டைவிட முன்னுரை நீளம். ரயில் தலவாக்கலைக்குள் நுழையவும் மஃரிப் பாங்கு சொல்லவும் சரியாக இருக்கும். மேல்தொப்பி ஆணிக்குப் போய்விடும்.

"ஏங்க நானா, அந்தப் புள்ள எறங்குச்சா இல்லையா? சொல்லிட்டுப் போங்களேன், எனக்கு பஸ்ஸு வந்துருச்சு!"

"பாட்ட கதையா செல்லேலா ராசம்மா. பாடத்தான் ஏலும்."

வருஷக்கணக்காக ராசம்மா அக்கா பஸ் ஏறினார். அந்தப் புள்ள இறங்கவில்லை.

ஒரு ஏப்ரலில் நுவரெலியா சீசன் விழா மேடையில் நானாவுக்கு ஒரே ஒரு பாட்டுப் பாட இடம் கிடைத்தது.

"ஒரு தரமாவது முடிச்சுப் பாடணும் மகன். வேற ஒண்டும் வாணாம்" என்றார் என்னிடம்.

கேலி செய்வதற்கென்றே ஒரு கூட்டம் கூடவே பஸ் ஏறியது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம், நம்ம நானாவுக்கு நேரம் கோணல்" என்று வழி முழுக்க ராசம்மா அக்கா.

மேடையில் முன்னால் பேசியவர்கள் நேரத்தைத் தின்றுவிட்டார்கள். நானா முதல் தடவையாக முன்னுரையை விழுங்கிவிட்டுப் பாட ஆரம்பித்தார். ரயில் தலவாக்கலைக்குள் நுழைந்தது. மஃரிப் பாங்கு ஒலித்தது.

கிட்டார் நின்றது. ஏற்பாட்டாளர் ஓடிவந்தார். "பாடுங்க நானா! கேக்கலன்னு நெனச்சுக்கங்க!"

"கேட்டுட்டேனே, மகன்."

ஆணி இல்லாததால் மேல்தொப்பியை என் தலையில் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனார். தொழுதுவிட்டு வந்தபோது மேடையில் வேறு யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒடுங்கிக் கிடந்தார். கேலி செய்யப் போனவர்களே அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். ராசம்மா அக்காதான் பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார்: "பாடுங்க நானா. இப்ப நான் எறங்கி ஓட வேற பஸ்ஸு இல்ல."

முதலிலிருந்து பாடினார். முன்னுரையையும் விடவில்லை, பாவி மனிதர். அதனால் பஸ் தலவாக்கலை டவுனுக்கு வரவும் பாட்டு ரயிலும் அங்கே வந்தது. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கும் வந்தது.

பஸ் முழுக்க "ஐயோ!"

சிங்கள டிரைவர் எஞ்சினை அணைத்தார். பாங்கு அடங்கியதும் கண்ணாடியில் பார்த்து, முடிந்ததா என்று கேட்டார்: "இவரத நானா?"

"இவர. மஃரிப் மாதிரி இல்ல, இஷாவுக்கு நெறய நேரமீக்கி, ஊட்ட போய்த் தொழலாம்" என்று நானா கிட்டாரை நிமிர்த்தினார்.

அந்தப் புள்ள இறங்கினாள். டீயை ஒரு வாய் குடித்தாள். "ஆறிப்போச்சு" என்றாள். பாட்டு அவ்வளவுதான்.

இதற்காகவா இத்தனை வருஷம்! பஸ் குலுங்கச் சிரித்தோம். ராசம்மா அக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறங்கிட்டாள்ல, அது போதும்" என்றார்.

நானா இப்போது அக்குறணையில் மகள் வீட்டில் இருக்கிறார். மேல்தொப்பி என் கடை ஆணியில் தொங்குகிறது. அந்தியில் பாங்கு கேட்டால், மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் என் விரல்கள் நின்றுவிடுகின்றன. பாங்கு முடிந்த பிறகும், பக்கத்துக் கடையிலிருந்து பாட்டின் அடுத்த அடி வராதா என்று அவை கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருக்கின்றன.