பில்லியன் வினாடி விடுதலை

அன்று காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு நான் சுதந்திர மனிதன் ஆவதாக இருந்தது. விடிந்ததிலிருந்தே உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று மூன்றாவதைப் பார்த்தேன். நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். வீட்டில் கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை.

விஷயம் இதுதான். கல்யாணமான மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான். முதல் தட்டைத் தேய்த்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், தொழில் புத்தி. போன வருடம் சும்மா இருக்க மாட்டாமல் கணக்குப் போட்டேன். முப்பத்தோரு வருடம், எட்டு மாதம், சில நாள் ஆனால் ஒரு பில்லியன் வினாடி! உடனே மனைவியிடம் ஒப்பந்தம் பேசினேன். பில்லியன் வினாடி வரை நான், அப்புறம் அவள். அவள் மொழிபெயர்ப்பாளர். எழுத்து வேலை என்றதும் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள்.

"நூறு கோடி வினாடின்னே எழுதிடட்டுமாங்க?"

"கோடியெல்லாம் பழசு. பில்லியன்னு போடு. கெத்தா இருக்கும்."

போட்டாள். இருவரும் கையெழுத்திட்டோம்.

பத்து பதினேழு. கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் கிடந்த அடிப்பிடித்த பாத்திரத்தின் மேல் வீசினேன்.

"முடிஞ்சுது! இனிமே உன் பாடு."

"என்ன முடிஞ்சுது?"

"பில்லியன்!"

"எந்த பில்லியன்?"

"அதுல என்ன எந்த? ஆயிரம் மில்லியன்."

"அது சில நாட்டுக்காரங்க கணக்கு. நான் மொழிபெயர்க்கிற பாஷையில பில்லியன்னா மில்லியன் மில்லியன். நம்ம கணக்குல லட்சம் கோடி."

அகராதியைத் திறந்து காட்டினாள். அந்தப் பக்கத்தில் வைத்திருந்த காகிதத் துண்டு ஒரு வருடமாய் இருந்து பழுப்பேறியிருந்தது. பாவி!

பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் ஓடினேன்.

"சார், பில்லியன்னா எவ்வளவு?"

"எந்த நாட்டுல கேக்கறீங்க?"

திரும்பி வந்து மனைவியிடம் கேட்டேன்.

"சரி, இன்னும் எவ்வளவு பாக்கி?"

"ஏறக்குறைய முப்பத்தோராயிரத்து அறுநூத்தம்பது வருஷம்."

"மனுஷன் அவ்வளவு நாள் இருப்பானா?"

"அதான் சொல்றேன், அவசரமே இல்லீங்க. அடிப்பிடிச்ச அந்தப் பாத்திரத்தை நல்லா ஊற வச்சே தேய்க்கலாம்."