அமீனாவின் செம்பருத்திகள்

பூந்தொட்டிகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுதிய மனிதன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் சுத்தப் பொறாமையில். அதை வாங்கிக்கொண்டவரோ, ஜப்தி செய்யப் போன வீட்டிலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு வரக்கூடிய அமீனா. காவிரி பாயும் ஊர்களில் அப்படி ஓர் ஆள் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கோர்ட்டு உத்தரவோடு போய் மாட்டையோ கட்டிலையோ பறிமுதல் செய்வதுதான் அமீனாவின் வேலை. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். தஞ்சாவூரில் நாங்கள் பல குடித்தனங்கள் ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டோர் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

கழக ஆட்சி, குத்தகைச் சட்டம், செங்கொடி ஊர்வலம் என்று வயல்காடெல்லாம் கொதித்த காலம். மிராசுதாருக்கும் குத்தகைக்காரருக்கும் நடுவில் அமீனா சைக்கிளில் போய்வருவார். ஜப்தி முடிந்ததும் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"அண்டாவை எடுத்துக்கிட்டுப் போறேன், வருத்தந்தான். அந்த அடுக்குச் செம்பருத்தியில ஒரு குச்சி கிடைக்குமாம்மா?"

அதுவரை மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரி அரிவாளோடு வருவாள். குச்சி வெட்டிக் கொடுக்க.

அதனால் அவருடைய செடிகளுக்கு வழக்கின் பெயர்தான்.

"இந்தச் சிவப்பு எதுங்க?"

"ஒரத்தநாட்டுக் குத்தகைப் பாக்கி, சார். நல்லாப் பூக்கும்."

"அந்த மஞ்சள்?"

"திருப்பனந்தாள் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி இன்னும் பேசிக்கலை. இது மட்டும் தழைஞ்சுக்கிட்டே போவுது."

அவர் குடியிருந்த பின்கட்டில் வெயில் தலைகாட்டாது. என் போர்ஷன் வாசலிலோ நாள் முழுக்க அடிக்கும். தொட்டிகளை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உழுதவனுக்கே நிலம் என்று ஊரே முழங்கும்போது எவன் இடம் கொடுப்பான்? நான் யோசித்து முடிப்பதற்குள் என் மனைவி, "அதுக்கென்னண்ணே, வைங்க" என்றுவிட்டாள். கல்யாணமாகி முதல் வருஷம். என் வீட்டில் நான் யோசித்து முடிப்பதற்குக் காத்திருக்கும் வழக்கம் அப்போதே கிடையாது.

தினமும் காலையில் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பறிப்பாள். "அமீனாண்ணன் கை ராசியே ராசி!" என் வாசலில், என் வெயிலைக் குடித்துவிட்டு, அவர் பெயரில் பூத்தன அந்தத் துரோகிகள்.

நானும் ஒரு செம்பருத்தி வாங்கினேன். அவள் தட்டில் என் பூ ஒன்றாவது விழ வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் வாடிவிடுமே என்று ஜன்னலுக்கு உள்ளே, என் நாற்காலி ஓரமாக வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீர் விட்டேன். டீத்தூள் போட்டேன். ஒருநாள் யாரும் பார்க்காதபோது சத்துமாவுகூடக் கரைத்து ஊற்றினேன். செடி என்னைப் போலவே வளர்ந்தது. உயரம் உண்டு, வெளுப்பு உண்டு, பிரயோஜனம் இல்லை.

அமீனா ஜன்னல் வழியாகப் பார்த்தார். "சார், இதை ஜாமீன்ல விடுங்க. வெயில்ல நிக்கட்டும். நுனியைக் கிள்ளி விடுங்க, பக்கக்கிளை வெடிக்கும். அதுலதான் மொட்டு வைக்கும்."

கதவைத் திறக்கவைப்பதற்காக நயமாகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவரை நம்புவதா? நான் தொட்டியை இன்னும் உள்ளே தள்ளினேன்.

அடுத்த நாளும் அவள் தட்டு நிறைய அவர் பூவோடு சிரித்துக்கொண்டு வந்தாள். எழுதிவிட்டேன் நோட்டீஸ். 'என் வாசல் வெயிலை ஆக்கிரமித்துள்ள தொட்டிகளை உடனே அகற்றவும்.'

அமீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். சண்டைக்கு வருவார் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"பாஷை பிரமாதம் சார். ஆனா சக்குபந்தி போடலியே? கிழக்கே என்ன, மேற்கே என்னன்னு நாலு எல்லையும் எழுதணும். இல்லேன்னா செல்லாது."

என் பேனாவை வாங்கி அவரே எழுதினார். கிழக்கே தண்ணீர்க் குழாய், மேற்கே சாருடைய ஈஸிசேர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோர்ட்டுக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, எண்ணெய் டின்னைத் தட்டித் தண்டோரா போட்டார். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "வீட்டுல யாரு?" என்று கேட்டார். உள்ளே போய், "நான்தாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஸ்டோர் மொத்தமும் கூடி நின்று பார்க்க, ஒவ்வொரு தொட்டியாகப் பின்கட்டுக்குச் சுமந்தார். ஒரத்தநாட்டின் இலையைத் தடவி, "அப்பீல் இருக்குடா, கவலைப்படாதே" என்றார்.

காலியான இடத்தில் என் செடியை வைத்தேன். வெட்கத்தை விட்டு நுனியையும் கிள்ளினேன். சில வாரத்தில் ஒரு பூ பூத்தது.

அதற்கும் டின் தட்டியவர் அமீனாதான். "சார் செடி பூத்திருச்சு! வாங்க, வாங்க, எல்லாரும் வந்து பாருங்க!" அவர் செடிகளோ பின்கட்டு இருட்டில் மொட்டை உதிர்த்துவிட்டு நின்றன.

என் மனைவி தட்டோடு வந்தாள். என் பூவைப் பார்த்தாள். "ஒண்ணை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?" என்று வெறும் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே அவர் தொட்டிகளை நானே சுமந்துகொண்டு வந்தேன். அமீனா பதறிப்போனார்.

"என்ன சார், ஸ்டே ஆர்டரா? யாரு கொடுத்தது?"

"மேல் கோர்ட்டு" என்று சமையலறையைக் காட்டினேன். அவர் அந்தத் திசையைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டார்.

பிறகு அவருக்கு மாயவரத்துக்கு மாற்றலாயிற்று. வழக்குகள் எல்லாம் மாட்டுவண்டியில் ஏறிப் போயின. வாசல் முழுக்க வெயில் சும்மா கிடந்தது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அந்த மனுஷர் பூவைத் தினம் அவ்வளவு ஆசையாப் பறிப்பியே, எனக்கு வயிறு எரியும்" என்று அன்றிரவு மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"ஆசையாவது! எண்ணெய் காய்ச்சத்தாங்க பறிச்சேன். சனிக்கிழமையானா உங்க தலையில தேய்ச்சேனே, அது என்னன்னு நினைச்சீங்க? அமீனாண்ணன்தான் சொன்னாங்க, 'சாருக்கு முன்னந்தலை ஜப்தியாயிட்டு வருதும்மா. சொன்னா சங்கடப்படுவாரு. நீ பாட்டுக்குப் பூவைப் பறிச்சுக்க'ன்னு."