மஞ்சள் சிலிண்டருக்கு முத்திரை

சிலிண்டரின் கழுத்துக்குள் விரிசல் இருந்தது.

பாலுசாமி, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குச்சிக்கண்ணாடியைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே விட்டிருந்த சின்ன பல்பை ஓரங்குலம் இறக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டும் பார்த்தார். வால்வு மாட்டும் மரையில் மூன்று சுற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, தலைமுடி கனத்தில் அந்தக் கோடு அப்படியே கிடந்தது.

"என்னுங்க, பாஸ்தானுங்களே?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார் சிலிண்டரைக் கொண்டுவந்திருந்த தம்பிதுரை.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். பாலுசாமி வாயைத் திறந்தார்.

"பார்க்கலாமுங்க" என்று வந்தது.

கணபதி ஏரியாவில் இருக்கும் அந்தச் சிலிண்டர் சோதனைப் பட்டறைக்கு அவர் வந்து இருபத்திரண்டு வருடம். ஆஸ்பத்திரி ஆக்சிஜன், வெல்டிங் கேஸ், சோடாக் கம்பெனி என்று எந்தச் சிலிண்டர் வந்தாலும் கறாராகப் பார்ப்பார். அதைக் கொண்டுவருகிற மனுசரிடம்தான் கறார் வராது. கேட்டவரிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் மூன்று கோயில் கமிட்டியில் உறுப்பினர். அதில் ஒன்று எந்த ஊரில் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. பட்டறையில் இதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். தேறாத சிலிண்டராக இருந்தால் அவர் ஒரு துண்டுச் சீட்டில் 'ஆகாது' என்று எழுதி முதலாளியம்மா லட்சுமியம்மாளிடம் கொடுப்பார். அந்தம்மா பார்ட்டியைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடும்.

அன்றைக்கு லட்சுமியம்மாள் பழனிக்குப் போயிருந்தார்.

தம்பிதுரைக்குக் கருமத்தம்பட்டியில் நாற்பது தறி, ஐந்து ஏக்கர் வாழை. வாழைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் போன வாரம் கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. நல்ல மழை பெய்திருந்ததால் கிணற்றில் அறுபதடித் தண்ணீர். மூச்சடக்கி முங்குகிறவர்கள் இரண்டு பேர் வந்து, பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். தம்பிதுரை சளைக்கிற ஆள் இல்லை. நேரே கொச்சிக்குப் போய், கடலுக்குள் இறங்குகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்றுச் சிலிண்டரை, முகமூடி, குழாயோடு பழைய சாமானாக வாங்கி வந்துவிட்டார். மஞ்சள் பெயின்ட் அடித்து, பார்வைக்குப் பலாப்பழம் மாதிரி இருந்தது.

"அந்த டைவிங் கடைக்காரன் இதுல காத்து நெரப்பித் தரமாட்டேன்னுபோட்டானுங்க" என்றார் தம்பிதுரை. "அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணி முத்திரை குத்தோணுமாம். இதுல கடைசி முத்திரை எம்பத்தி நாலு. பன்னெண்டு வருசம் ஆச்சுங்களே! நம்மூர்ல இல்லாத பட்டறையான்னு தூக்கியாந்துட்டேன். நீங்க குத்திக் குடுத்தீங்கன்னா நாளைக்குக் காத்து, நாளான்னிக்கு மோட்டாரு."

"கெணத்துல யாருங்க எறங்கறது?"

"நம்ம மாப்பிள்ளைதானுங்க. சம்சாரத்தோட தம்பி, சென்னியப்பன். பவானிக்காரனுங்க! கூடுதுறை ஆத்துலயே வளர்ந்தவன்."

வாசலோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் எழுந்து கும்பிட்டார். முப்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, தறிக்குடோனில் மேற்பார்வை. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆழத்தில் இறங்குகிறவனுக்கு இருக்க வேண்டிய நிதானம் என்று பாலுசாமி நினைத்துக்கொண்டார்.

இனி என்ன செய்வது? கண் பார்வையில் தேறாததை, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றுகிற தண்ணீர்ச் சோதனைக்கு விடக்கூடாது. விட்டால் இன்றைக்குத் தாங்கினாலும் தாங்கிவிடும். அப்புறம் முத்திரை கேட்பார்கள். பாலுசாமி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது.

"டெஸ்ட்டுக்குத் தண்ணி வேணுமுங்க. எட்டு நாளா குழாயில வரலீங்க" என்றார். அது பொய்யும் இல்லை.

சென்னியப்பன் சட்டென்று முன்னால் வந்தார். "அப்பறமென்னுங்க மச்சான், இன்னொரு நாளைக்கு வந்துக்கலாமுங்க."

"சும்மா இரு மாப்பிள்ளே. தண்ணிக்கா பஞ்சம்?" தம்பிதுரை மேசையிலிருந்த போனைச் சுழற்றினார்.

முக்கால் மணி நேரத்தில் சத்தி ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. தொட்டி நிரம்பி வழிந்தது. எட்டு நாளாகத் தண்ணீர் பார்க்காத தெரு, குடங்களோடு வரிசையில் நின்றது. பெண்கள் தம்பிதுரையை வாழ்த்தினார்கள். ஆரம்பித்துவைத்த புண்ணியவான் என்று பாலுசாமியையும் சேர்த்து வாழ்த்தினார்கள்.

"இப்பப் போடலாமுங்களா?"

"பார்க்கலாமுங்க" என்று பட்டறைக்குள் போன பாலுசாமி, மெயின் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையை உருவி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பம்பு சுவிட்சைத் தட்டிக் காட்டினார். "கரண்ட் போயிருச்சுங்க. இனிச் சாயங்காலம் பொழுதோடதான் வரும்."

"அட, சாமியே வேண்டாங்குதுங்க மச்சான்" என்றார் சென்னியப்பன்.

"சாமி ஏன் வேண்டாங்குது? நம்ம தறிக்குடோன் ஜெனரேட்டர் எதுக்கு இருக்குது?"

ஜெனரேட்டர் டிராக்டரில் வந்தது. அதைக் கிளப்பியதும் எழுந்த சத்தத்தில் குடத்தோடு நின்றவர்கள் வரிசையை விட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். சலூனில் பாதி முகம் மழித்தவர் ஒருவர் சோப்பு நுரையோடு வந்தார். சிலிண்டர் வெடிக்கப் போகிறதாம் என்று யாரோ சொல்ல, ஓட வேண்டிய கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

பாலுசாமிக்கு வேர்த்து ஊற்றியது. பையிலிருந்த பியூஸ் கட்டை தொடையில் குத்தியது.

"டெஸ்ட் பண்ணி என்னுங்க பிரயோசனம்?" என்றார் கடைசி நம்பிக்கையோடு. "தேதி குத்தோணுமில்லீங்க? நம்பர் பஞ்ச் பொட்டியில ஆறு தொலைஞ்சுபோச்சுங்க. இந்த வருசம் தொண்ணூத்தி ஆறு. ஆறு இல்லாம எப்படிக் குத்தறதுங்க?" ஆறாம் நம்பர் பஞ்ச் அவருடைய சாப்பாட்டுத் தூக்குப்போசியில், தயிர் சோற்றுக்கு அடியில் இருந்தது.

தம்பிதுரை முகம் முதல்முறையாகச் சுருங்கியது. பெட்டியை வாங்கிப் பார்த்தார். ஒன்பதை எடுத்து விரலில் உருட்டினார். முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, ஒம்பதைத் தலைகீழாப் புடிச்சா ஆறுதானுங்களே?"

கூட்டம் கைதட்டியது. சோப்பு நுரைக்காரர் விசிலே அடித்தார்.

ஜெனரேட்டர் ஓடியது, தொட்டி தளும்பியது, ஒன்பது ஆறாகியிருந்தது. பாலுசாமி மஞ்சள் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைத் தூக்கியபோது எதிரே சென்னியப்பன். அந்த மனுசர் உதட்டை நனைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே கழுத்து நாளை மறுநாள் அவருடைய பிடரிக்குப் பின்னால் இருக்கும். அறுபதடித் தண்ணீருக்குக் கீழே. இல்லை, அவ்வளவு தூரம்கூட வேண்டாம். காற்று அடைக்கிற கடையிலேயே வெடித்துவிடும்.

"முடியாதுங்க" என்றார் பாலுசாமி.

ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"முடியாதுங்க! இது ஆகாதுங்க. நான் முத்திரை குத்த மாட்டனுங்க!"

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகம்.

குச்சிக்கண்ணாடியைத் தம்பிதுரை கையில் கொடுத்து, பல்பை இறக்கிக் காட்டினார். "அந்தக் கோடு தெரியுதுங்களா? லாரி டயர்ல அடைக்கற காத்து மாதிரி முப்பது பங்கு இதுக்குள்ள இருக்குமுங்க. அது இந்தக் கோட்டைப் புடிச்சுக் கெளம்புச்சுன்னா பக்கத்துல நிக்கறவங்களை அள்ளக்கூட முடியாதுங்க."

தம்பிதுரை ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"காலையிலயே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"தண்ணி, கரண்டு, ஆறு, எல்லாம்..."

பாலுசாமி பையிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "சொல்ல வாய் வரலீங்க. நீங்க அத்தனை ஆசையாக் கேட்டீங்க. மன்னிச்சுப்போடுங்க."

தம்பிதுரை பியூஸ் கட்டையைப் பார்த்தார், டேங்கரைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார். வயிறு முதலில் குலுங்கியது; சிரிப்பு அப்புறம்தான் வந்தது. தெருவும் சேர்ந்து சிரித்தது.

"கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்றனுங்க" என்றார் பாலுசாமி. ஒரு தடவை துணிந்த வாய் இப்போது தானாகவே ஓடியது. "வாடகைக்கு இன்னொரு மோட்டாரை விட்டுக் கெணத்தை எறைச்சுப்போட்டா, வாழைக்கும் தண்ணி பாஞ்ச மாதிரி ஆச்சு, விழுந்த மோட்டாரும் தானா வெளிய தெரியுமில்லீங்க?"

தம்பிதுரை நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதை என்ர சம்சாரம் அன்னிக்கே சொன்னாளுங்க. எனக்குத்தான் அந்த முகமூடியைப் பார்த்ததுல இருந்து வேற ரோசனையே ஓடலை." பிறகு மஞ்சள் சிலிண்டரைக் காலால் தள்ளினார். "இனி எவனும் இதைத் தொடக்கூடாது. ஓட்டை போட்டுருங்க."

பாலுசாமி பியூஸ் கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, டிரில்லிங் மெஷினை எடுத்து, சிலிண்டரின் வயிற்றில் விரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எந்த வேலையையும் அவ்வளவு ஆனந்தமாகச் செய்ததில்லை.

டேங்கர் போயிற்று, டிராக்டர் போயிற்று. தம்பிதுரை காரை எடுக்கப் போனதும் சென்னியப்பன் மட்டும் திரும்பி ஓடி வந்தார். பாலுசாமியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நாலு நாளா மச்சான்கிட்டச் சொல்ல வாயே வரலீங்கண்ணா" என்றார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க."