கைவீசிக்கொண்டு போவது எப்படி

"டேய் எரோனி, வியாழக்கிழமை பிளேன்ல போறியாமே?" என்று கேட்டபடி லவேனியா அத்தை ஒரு மாவு மூட்டையை வாசலில் பொத்தென்று வைத்தபோது, எரோனி இன்னும் பல்கூடத் தேய்த்திருக்கவில்லை.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லலப்பா. சுவா முழுக்கத் தெரியும்."

"மூட்டை யாருக்கு அத்தை?"

"அங்க ஒருத்தங்களுக்கு. நீ இறங்கினதும் ஆள் வந்து வாங்கிக்கும். பத்து கிலோதான்." அத்தை ஏனோ சிரித்துக்கொண்டே போனாள்.

எரோனி மூட்டையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். சுவா நகரத்துப் பயண அலுவலகம் ஒன்றில் அவன் பன்னிரண்டு வருடமாகக் குமாஸ்தா. சுற்றுலாக்காரர்களுக்காக 'நல்ல பயணத்துக்குப் பத்து யோசனைகள்' என்று எழுதிச் சுவரில் ஒட்டியவனே அவன்தான். முதல் யோசனை, பை இலேசாக இருக்க வேண்டும். நான்காவது, பிறர் கொடுக்கும் மூட்டையைத் தொடவே கூடாது. ஊருக்கெல்லாம் வழி சொன்னவன் முப்பத்தெட்டு வயதுவரை விமானம் ஏறியதில்லை என்பதை மட்டும் சுவரில் எழுதவில்லை.

இந்த முதல் பயணம் சும்மா ஊர் சுற்றுவதற்கில்லை. வைதாலே தீவில் உனைசி என்ற நர்ஸ் இருந்தாள். சுவாவுக்குப் பயிற்சிக்கு வந்தபோது பழக்கம். போன வாரம் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "அடுத்த வியாழக்கிழமை பிளேன்ல வந்து எங்கப்பாகிட்ட கேளு. வரலேன்னா நான் ஆக்லாந்துக்கு, எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் அழாத."

தீவுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு விமானம். முறைப்படி பெண் கேட்பதென்றால் பெரியவர்கள் கூட்டமாகப் போய்த் திமிங்கிலப் பல்லை வைத்துப் பேச வேண்டும். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஊரையே கூட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் கேட்டு, அவர்கள் மாட்டேன் என்று சொல்லி, "எரோனி, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்று மார்க்கெட்டே ஒரு வருடம் அவனைக் கேலி செய்தது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த முறை மூச்சு விடவில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன திமிங்கிலப் பல்லை ஒரு காலுறைக்குள் ஒளித்துக்கொண்டான். அலுவலகத்தில், வைதாலே படகுத்துறையைப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லி லீவு வாங்கினான்.

மாவு மூட்டையைப் பார்த்துவிட்டு அடுத்தவர்களும் வரக்கூடாதே என்று ஒரு தந்திரம் செய்தான். இருந்த பெரிய பையை உள்ளே தள்ளிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூக்கும் அளவில் ஒரு பையை எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் மாட்டி வைத்தான்.

மாலையில் அத்தை மகன் செமி வந்து பையைத் தட்டிப் பார்த்தான். "இவ்வளவுதானா மச்சான் உன் சாமான்? அப்ப இந்தப் பாத்திரத்துக்கு இடம் இருக்கு!" ஒரு பன்றியை முழுசாக வேகவைக்கும் பாத்திரம் அது.

"செமி, நான் போறது படகுத்துறையைப் படம் எடுக்க!"

"தெரியும் மச்சான். படகுத்துறை. நல்ல படகுத்துறையாம், ஊரே சொல்லுது." அவன் முகம் கல்லுமாதிரி இருந்தது. "ஆமா, கொஞ்சம் திரும்பி நில்லு. என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கும் உன்ன மாதிரியே தொப்பை." முழம் போட்டு அளந்துவிட்டுப் போனவன் மறுநாள் ஒரு புதுச் சட்டையோடு வந்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் பூப்போட்ட தலையணை ஜோடி ஒன்று, சர்க்கரை, மீன் டின் அட்டைப்பெட்டி, விருந்தில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு என்று ஏழு உருப்படி சேர்ந்துவிட்டது. யாருக்கு என்று கேட்டால் ஒருவரும் பெயர் சொல்வதில்லை. "ஒருத்தங்களுக்கு" என்பார்கள், மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள், தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். எரோனிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சின்னத் தீவில் இத்தனை பேருக்கு உறவா?

கடைசியில் துணிந்து ஒரு பொய் சொன்னான். "அத்தை, நான் போகல. பயணம் ரத்து. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போகலையா? ஐயோ, போகாம இருந்தா எப்படிடா? படகுத்துறை என்னாகும்?"

"படகுத்துறைக்கு என்ன அத்தை, அது அங்கேயேதான இருக்கும்?"

"எத்தனை நாளைக்குடா இருக்கும்? வேற எவனாவது வந்து படம் எடுத்துட்டான்னா?" அவள் கண்ணில் நிஜமாகவே நீர் முட்டியது.

அரைமணி நேரத்தில் அத்தை போதகரையே அழைத்துவந்தாள். அவர் அவன் தலையில் கை வைத்து, தயக்கமெல்லாம் நீங்கி இந்தப் படகுத்துறை வேலை நல்லபடியாகக் கைகூட வேண்டும் என்று ஜெபித்தார். பின்னால் நின்ற பெண்கள் ஐந்து பேரும் தேம்பித் தேம்பி ஆமென் சொன்னார்கள். போகும்போது போதகர் ஒரு கேக் டின்னை நீட்டினார். மற்ற ஐந்து பேரும் வெறுங்கையோடு வந்திருக்கவில்லை.

"சரி, போறேன், போறேன்!" என்று எரோனி கையெடுத்துக் கும்பிட்டான்.

புதன்கிழமை தப்பிப்பதற்காக அலுவலகத்திலேயே ஒளிந்து கிடந்தான். மாலையில் மேனேஜர் சலோத்தே அம்மாள் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு துணிக்கட்டை இழுத்து வைத்தாள்.

"மேடம், நீங்களுமா? நாலாவது யோசனையைத் திருத்திக் குடுத்ததே நீங்கதானே!"

"அது வெள்ளைக்காரங்களுக்குப்பா. பதினாறு கஜம். நனையாம கொண்டு போ."

வியாழக்கிழமை காலை நௌசோரி விமான நிலையத்தில் எரோனியைத் தராசில் ஏற்றினார்கள். சின்ன விமானம். ஆளையும் நிறுத்து, சாமானையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். தராசுப் பெண் முள்ளைப் பார்த்தாள், அவன் வயிற்றைப் பார்த்தாள், பின்னால் குவிந்திருந்த பதினான்கு உருப்படிகளைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணு நீங்க போகலாம், இல்ல இதுங்க போகலாம்."

"இதெல்லாம் என்னோடது இல்லம்மா! எவன் எவனோ குடுத்தது!"

"அப்ப வருத்தமே இல்ல. விட்டுட்டுப் போங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவனுக்கு ஒரு நல்ல யோசனை சொன்ன மாதிரி இருந்தது. வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் ஹரிபாலிடம் ஓடினான். "அண்ணே, இதையெல்லாம் சுவா துறைமுகத்துல வைதாலே போற சரக்குக் கப்பல்ல போட்டுடுங்க."

"கப்பல் மூணு வாரம் கழிச்சுத்தான் போகும் தம்பி. கேக்கெல்லாம் இருக்கு போலிருக்கே?"

"பரவாயில்லண்ணே. கேக்க நீங்க சாப்பிடுங்க."

ஹரிபால் கேக் டின்னை முன் சீட்டில் வைத்துக்கொண்டார். டாக்ஸி தொங்கத் தொங்கக் கிளம்பிப் போவதை எரோனி கண்குளிரப் பார்த்தான். நான்கு நாளாக முதுகில் உட்கார்ந்திருந்த ஊர் இறங்கிப் போய்விட்டது. தோளில் சின்னப் பை, அதற்குள் காலுறை, காலுறைக்குள் திமிங்கிலப் பல். அவன் எழுதிய பத்து யோசனைகளையும் ஒரு மனிதன் இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்ததில்லை என்று தோன்றியது. விமானத்தில் வழி முழுக்க, உனைசியின் அப்பாவிடம் பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தமுறை தோற்றால் பார்க்க ஒருவரும் இல்லை என்பது பெரிய தெம்பு.

வைதாலேயின் புல்தரையில் விமானம் குதித்து நின்றது. எரோனி சன்னல் வழியே பார்த்துத் திகைத்துப் போனான். ஊர் மொத்தமும் வெளுத்த உடுப்பில் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தது. யாரோ பெரிய மனிதர் இந்த விமானத்தில் வந்திருக்கிறார் போலும் என்று நினைத்து, அவருக்கு வழிவிட்டுக் கடைசி ஆளாக இறங்கினான். அவன் இறங்கியதும் பாட்டு இன்னும் ஓங்கியது. பூமாலையோடு உனைசி நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, புது சுலு வேட்டி கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. எரோனி யாருக்காக இந்தக் கூட்டம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். பின்னால் விமானி மட்டும்தான் இருந்தார்.

சாமான் ஏற்றும் லாரிக்காரர் விமானத்தின் வயிற்றுக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, வெறுங்கையோடு அவனிடம் வந்தார்.

"வாங்க மாப்பிள்ள! நாளைக்கு உங்க கல்யாண விருந்துக்குப் பதினாலு உருப்படி உங்க கையோடவே குடுத்தனுப்பியிருக்கோம்னு லவேனியா அத்தை போன் பண்ணினாங்களே, சாமானெல்லாம் எங்க?"